வண்டி என்ன பண்ணுச்சு?

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. சித்தப்பா சித்தியிடம் சொல்ல வேண்டியதை நான் சித்தியிடம் சொல்ல வேண்டும். சித்தி சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியதை நான் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள்.

"சோறு வச்சாச்சுன்னு உங்க சித்தப்பாட்ட சொல்லுடா" என்பார் சித்தி.

"சித்தப்பா, சோறு வச்சாச்சாம்."

"கை கழுவிட்டு வாரேன்னு சொல்லு."

"கை கழுவிட்டு வாராராம் சித்தி."

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது சித்தப்பாவும் லாரிப் பட்டறையில் இருப்பார் என்பதால் நிர்வாகத்தில் குழப்பம் ஏற்படவில்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டேன். அப்போதுகூட இருவரும் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, கஞ்சி கொடுக்கலாமா, டாக்டர் வேண்டாம் என்றாரா என்று என்னிடமே கேட்டு, என் மூலமே பதிலும் வாங்கிக்கொண்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் நேராகவே பேசிக்கொள்வார்கள். அது மூத்தவர்களுக்கு உள்ள சலுகை, இளையவர்கள் ஆள் வைத்துத்தான் பேச வேண்டும் என்று நானாக ஒரு சட்டம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்துவந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்குப் பேரிங் வண்டி வந்தது. ஒரு பலகை, அதன் அடியில் லாரியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய பேரிங்குகள் சக்கரங்களாக. அவ்வளவுதான் வண்டி. ஆனால் அது சிமெண்டுத் தரையில் ஓடும்போது எழும் கரகரச் சத்தம் இருக்கிறதே, கேட்டால் வீட்டுப்பாடம் எழுதுகிற கை தானாக நின்றுவிடும்.

மதுரை தட்டையான ஊர். வண்டி தானாக ஓட வேண்டுமென்றால் சரிவு வேண்டும், எங்களுக்குத் தெரிந்து இருந்த ஒரே சரிவு வைகைக்குள் இறங்கும் சிமெண்டுப் பாதைதான். மேலே கரை, கீழே ஆறு. ஆறு என்றால் தண்ணீர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம். நாங்கள் நினைக்கமாட்டோம். எங்களுக்கு அது மணல், அதாவது பிரேக். சரிவில் கரகரவென்று இறங்கி மணலில் சொருகி நிற்பதுதான் விளையாட்டு.

வண்டிக்குச் சொந்தக்காரன் என்னைவிட மூன்று வகுப்பு மேலே படித்தவன். என் தோளில் கை போட்டு, "மாப்ள, தள்ளிவிட ஒரு ஆளு வேணும்ல, நீ நல்லாத் தள்ளுற" என்பான். நாலு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தள்ளினேன். ஐந்தாவது ஞாயிறு, ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறேனே என்று கேட்டேன். "ஒனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கயேன்" என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பாவிடம் பேரிங் கேட்டேன். "எதுக்குடா?" என்றார். "வண்டி செய்யப் போறேன்" என்றேன். எந்த வண்டி, எதிலிருந்து செய்யப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. மறுநாளே எண்ணெய்க் கறை படிந்த தினத்தாளில் சுற்றி இரண்டு பேரிங் கொண்டுவந்து என் புத்தகப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் இரண்டு பேரிங் ஆயிற்று. உட்கார ஒரு சட்டமும் முன்னால் ஒரு சக்கரமும் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். சமையலறைப் பரணில், பழைய வேட்டி சுற்றிய என் நடைவண்டி.

அது என் நடைவண்டி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். "ஒன்னைய நடைவண்டியில நடக்க வச்சோம், ஓடவே ஆரம்பிச்சிட்ட" என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். பிறகு, பரணில் இருக்கிற நடைவண்டி வேறு யாருடையதாக இருக்கும்?

அது என்னுடையதல்ல என்பதை நான் மீசை முளைத்த பிறகுதான் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். என் வண்டி எனக்குப் பிறகு உசிலம்பட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் போய், அங்கே மூன்று பிள்ளைகள் நடந்து, சக்கரம் தேய்ந்து அடுப்புக்குப் போய்விட்டது. பரணில் இருந்தது சித்தியின் அண்ணன் வாங்கிவந்தது. அவருக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் ஊர். தங்கைக்கு எட்டாவது மாதம் நடக்கும்போது அழகர்கோவிலுக்குப் போனவர், ஊரே நடைவண்டி வாங்கும் கடையில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற ஒன்றைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை வாங்கமாட்டார்கள். தாய்மாமன் நடைவண்டி கொண்டுவருவது பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கும்போதுதான். அம்மாவுக்கு அன்றைக்கே முகம் வாடிவிட்டதாம், ஆனாலும் சிரித்துக்கொண்டு காப்பி கொடுத்தாராம்.

பிறந்த பெண்குழந்தை பதினொரு நாள் இருந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில், பித்துப் பிடித்தவராக நின்ற சித்தப்பா, "ஒங்க அண்ணன் வண்டியத் தூக்கிட்டு வந்தப்பவே நான் நெனச்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சித்தி பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அவரிடம் எதுவுமே சொல்லவில்லை. சித்தியின் அண்ணனும் அதோடு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. வண்டியை எரிக்கவும் மனம் வரவில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் பயம். வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அப்போது எனக்கு ஐந்து வயது, என்னை உசிலம்பட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். நான் திரும்பி வந்தபோது உத்தியோகம் தயாராக இருந்தது.

சனிக்கிழமை காலை அம்மாவும் சித்தியும் மண்ணெண்ணெய் வாங்க டின்னோடு வரிசைக்குப் போனார்கள். அந்த வரிசை நகர இரண்டு மணி நேரமாவது ஆகும். எதிர்வீட்டுப் பாண்டியைக் கூப்பிட்டு, அவன் தோளில் ஏறி வண்டியை இறக்கினேன். வேட்டியைப் பிரித்தால் வண்டி புத்தம் புதிதாக மின்னியது. சக்கரத்தில் மஞ்சள் வளையங்கள். ஒரு கீறல் இல்லை. இந்த வண்டியில் நான் நடந்தேனா பறந்தேனா என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அம்புட்டு நல்லா வச்சிருக்காக மாப்ள ஒங்க வீட்டுல" என்று பாண்டிதான் வியந்தான்.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேலை நடந்தது. சுத்தியல் இல்லாததால் அம்மிக்குழவி. குழந்தை பிடித்துக்கொண்டு நடக்கிற நிமிர்ந்த சட்டத்தைத் தட்டிக் கழற்றி, படுக்கப் போட்டு ஆணி அடித்தோம், அது இருக்கை ஆயிற்று. பின்சக்கரம் இரண்டையும் பிடுங்கிவிட்டு, விறகுக் கட்டை ஒன்றைச் செதுக்கி அதன் இரண்டு முனையிலும் பேரிங்கைச் சொருகினோம். முன்சக்கரம் அழகாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

கடைசி ஆணி அடிக்கும்போது கொல்லைக் கதவு திறந்தது. அம்மா முன்னால், சித்தி பின்னால். அம்மா வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டின்னைக் கீழே போட்டுவிட்டு முதுகில் ஒன்று வைத்தார். பாண்டி எந்தச் சுவர் ஏறிப் போனான் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா என்னை விட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி தன் டின்னை மெதுவாக இறக்கி வைத்தார். வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முன்சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டார். அது சுற்றியது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுதாடா?" என்றார்.

"பின்னாடி ஒரு பேரிங் மட்டும் ஆடுது சித்தி."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா மிச்ச அடிகளைக் கொடுப்பார் என்று முதுகை வளைத்துக் காத்திருந்தேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னடா பண்ணி வச்சிருக்க, பாவி" என்று அழுகிற குரலில் சொன்னார். அடித்தவர் அழுவதும் அடிபட்டவன் சும்மா நிற்பதும் எனக்கு முறையாகப் படவில்லை. ஆணி வீணாகிவிட்டதற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பட்டறை அரைநாள்தான். சித்தப்பா மத்தியானம் வந்து, கை கழுவக் கொல்லைக்குப் போனவர், போனபடியே நின்றுவிட்டார். நான் கதவோரம் நின்றேன். சித்தி அடுப்படியில் இருந்தார். வாசலுக்கு நேரே கொல்லை தெரியும்.

"இத எடுக்கச் சொல்லி யாருடா சொன்னா?" சித்தப்பாவின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை.

உள்ளேயிருந்து சித்தி பேசினார்.

"உங்க சித்தப்பாட்ட கேளுடா. வண்டி என்ன பண்ணுச்சுன்னு கேளு."

கடமை கடமைதான். பயத்திலும் நான் தவறவில்லை. "சித்தப்பா, வண்டி என்ன பண்ணுச்சுன்னு சித்தி கேக்குது."

சித்தப்பா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். கிரீஸ் படிந்த கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புச் சக்கரத்தையே பார்த்தார். எனக்குக் கேள்வி புரியாமல் இல்லை. வண்டியில் என்ன பழுது என்று சித்தி கேட்கிறார், இவர் மெக்கானிக், பார்த்துச் சொல்ல நேரம் ஆகிறது.

"ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லு" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் பண்ணலையாம் சித்தி" என்று உரக்கச் சொன்னேன்.

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. சித்தி வாசற்படிக்கு வந்தார். அவர் "உங்க சித்தப்பாட்ட சொல்லு" என்று தொடங்குவார், வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்று நான் அவர் வாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல நீங்க? மூணு வருசமாச்சா இதச் சொல்ல?"

நான் பழக்கத்தில், "சித்தப்பா, இத அன்னைக்கே..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தி, இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்துவிட்டார்.

உள்ளே அப்படி ஒரு சண்டை நடந்தது. அந்த வீட்டில் அதுபோல நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரி வந்தது, அண்ணன் வந்தார், தீபாவளிக்கு எடுக்காத சேலை வந்தது, எப்போதோ உப்புக் கரித்த ரசம் வந்தது. மூன்று வருஷச் சண்டையை ஒரே மத்தியானத்தில் போட்டார்கள். சித்தப்பா, "தப்புத்தான், தப்புத்தான்னு சொல்றேன்ல" என்று கத்தினார். அப்போதும் சித்தி விடவில்லை. என்னால் வந்த வினை என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மாவோ சம்படத்தைத் திறந்து, விருந்தாளிக்கென்று வைத்திருந்த கடலைமிட்டாயில் இரண்டை எடுத்து என் கையில் வைத்தார். அந்நேரம் அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் காதுகொடுத்துக் கேட்டார். "சண்டையா போடுறாங்க?" என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நல்ல காரியத்துக்குத் தேங்காய் உடைத்த முகத்தோடு அப்பா படியில் உட்கார்ந்தார். வீட்டில் சண்டை மூட்டிவிட்டவனுக்கு மிட்டாய். தெருவிலே சும்மா கல்லெறிந்தால் உதை. பெரியவர்களின் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. மிட்டாயைத் தின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சித்தப்பா பட்டறைப் பையோடு கொல்லையில் உட்கார்ந்தார். நான் சொருகியிருந்த விறகுக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரும்புக் கம்பி வைத்துப் பேரிங் இரண்டையும் மாட்டினார். "இந்தப் பக்கம் பிடி" என்றார். நான் ஓடினேன். அவர் சொன்னது சித்தியிடம். சித்தி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தார்.

நானும் சித்தப்பாவும் வண்டியோடு கிளம்பியபோது, "நானும் வாரேன்" என்று சித்தி செருப்பை மாட்டிக்கொண்டார். எங்கள் தெருப் பெண்கள் பேரிங் வண்டி பார்க்க ஆற்றுக்குப் போவதில்லை. அம்மாவைப் பார்த்தேன், அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

சரிவில் ஒரே கூட்டம். பெரிய பையன்கள் வழிவிடுகிற மாதிரி தெரியவில்லை. சித்தப்பா "டேய், தள்ளுங்கடா" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. அப்போது சித்தி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தார். அவர் ஊரில் மாடு அவிழ்க்கிற நாளில் அண்ணனோடு நின்று பழகிய சீட்டி. துவைக்கிறவர்கள் உலர்த்தியிருந்த துணிகளுக்கிடையே நின்ற கழுதைகள்கூடத் தலை தூக்கின. சரிவு சுத்தமாகக் காலியாயிற்று. சித்தப்பா சித்தியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "மறக்கல போல" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். சித்தப்பா தள்ளிவிட்டார். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத ஒரு பக்கம் வேண்டும், ஆனால் இப்போது நினைவிருப்பது பற்கள் கடகடவென்று ஆடியதும் மணலில் சொருகியபோது வாய் நிறைய மணல் புகுந்ததும்தான். எனக்குத் தள்ளும் வேலை கொடுத்தவன் வாயைப் பிளந்து நின்றான். அந்த முகத்துக்காகவே நான் எத்தனை முதுகடி வேண்டுமானாலும் வாங்கியிருப்பேன்.

வண்டியை இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருக்க ஒக்காந்து பாக்கவா?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

சித்தப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. "சேலை மாட்டிக்கிரும், நல்லா ஏத்திச் சொருகிக்க" என்றார்.

சித்தி உட்கார்ந்தார். குழந்தை பிடித்து நடக்க வேண்டிய அந்தச் சட்டத்தை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா தள்ளவில்லை, கையை மட்டும் எடுத்தார். வண்டி தானாகக் கிளம்பியது. பாதிச் சரிவில் சித்தியின் சிரிப்பு கேட்டது. பெருஞ்சிரிப்பு, குழாயடிவரை கேட்கும். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சித்தப்பா பின்னாலேயே ஓடினார்.

மணல் தொடங்கும் இடத்தில் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதியது. வண்டி ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது சித்தி மணலில் உட்கார்ந்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பக்கத்தில் போன பிறகுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. மஞ்சள் வளையம் போட்ட சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சித்தி அதில் ஒரு பாதியை மடியில் வைத்திருந்தார். சித்தப்பா அவருக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கறுப்பாயிற்று.

இரண்டு பெரியவர்கள் ஒரு சக்கரத்துக்காக இப்படி அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. பையன்கள் வேறு பார்க்கிறார்கள்.

"அழாதீங்க சித்தி, சக்கரந்தான ஒடைஞ்சுச்சு. அழகர்கோவில் கடையில வேற வாங்கிக்கிரலாம்" என்றேன்.

சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதார். சமாதானம் சொன்னால் அழுகை குறைய வேண்டும். நான் சொன்னதில் என்ன தப்பு என்று அவருடைய தோளுக்கு மேலாகச் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"வாங்கலாம்டா" என்றார் அவர். பிறகு சித்தியிடம், "மச்சானுக்கு ஒரு கார்டு போடணும். வரச் சொல்லி நானே எழுதுறேன்" என்றார்.

வெயில் ஏறியதும் வீட்டுக்குத் திரும்பினோம். முன்சக்கரம் இல்லாத வண்டியை உருட்ட முடியாது, தலையில் வைத்துக்கொண்டேன். சித்தப்பாவும் சித்தியும் எனக்கு முன்னால் நடந்தார்கள். சித்தி ஏதோ சொன்னார், சித்தப்பா ஏதோ சொன்னார். மறுபடி சித்தி. எனக்குக் கேட்கவில்லை. எந்த நிமிஷமும் ஒருவர் திரும்பி, "டேய், இத உங்க சித்திட்ட சொல்லு" என்று சொல்லலாம் என்பதால், பாரத்தோடு ஓட்டமும் நடையுமாக அவர்களை ஒட்டியே போனேன்.

தெருமுனை வந்தது, டீக்கடை வந்தது, எங்கள் வீட்டு வாசலும் வந்துவிட்டது. யாரும் திரும்பவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவன், சீட்டிக்கு வழி விட்ட சரிவில் முதலில் இறங்கியவன், அப்பேர்ப்பட்ட நான் வாசலில் தனியாக நின்று, என்ன தப்புச் செய்தேன், ஏன் என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று தெரியாமல் அழ ஆரம்பித்தேன்.